எதில் கையைச் சுருக்கலாம், எதில் கூடாது?

ஒரு லட்சம் கொடுத்து வண்டி வாங்குகிறார்கள். சீட் கவர், சைடு ஸ்டாண்டுக்கு ரப்பர், நம்பர் பிளேட்டில் பிள்ளையின் பெயர், பூஜைக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் என்று எல்லாம் தாராளமாக நடக்கிறது. ஹெல்மெட் என்று வரும்போதுதான் கை சட்டென்று சுருங்கிவிடுகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் தார்ப்பாய் விரித்து அடுக்கி வைத்திருப்பவரிடம் போய், "இருநூற்றைம்பதா? நூற்றெண்பதுக்குக் கொடுப்பா" என்று அங்கேயும் ஒரு பேரம்!

2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட்டே ஆகவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது சாலையோர ஹெல்மெட்டுகள் சக்கைப்போடு போட்டன. அவற்றில் பெரும்பாலானவை தலைக்காக வாங்கப்பட்டவை அல்ல, போலீஸ்காரர் கண்ணுக்காக வாங்கப்பட்டவை. ஹெல்மெட்டின் வெளி ஓடு பளபளப்பாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் விழும்போது மண்டைக்கு வரும் அடியைப் பெருமளவு வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்குதான். அது நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. (அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிடச் சொல்கிறார்கள்.) நூற்றெண்பது ரூபாய் ஹெல்மெட்டில் அந்த இடத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்சும் துணியும் இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று 2021 ஜூன் 1 முதல் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, தார்ப்பாயும் இருக்கிறது. என்னத்தைச் சொல்ல!

முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட் சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்துவிடும். அதைத் தாண்டி ஐயாயிரம், ஆறாயிரம் கொடுத்தால் படம், பெயிண்ட், காற்றோட்டம், சொகுசு என்று சில வசதிகள் கிடைக்கலாம். ஆனால் நூற்றெண்பதுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே இருக்கிற தூரம் வேறு, ஆயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவே இருக்கிற தூரம் வேறு. முதலாவது உயிர் விஷயம். இரண்டாவது ஆசை விஷயம். சிக்கனம் பேசுகிற பலருக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை. மொத்தமாக 'விலை அதிகம்' என்றோ 'மலிவு' என்றோ பார்த்துவிடுகிறார்கள்.

கடுகு போகிற இடத்தில் தடியெடுத்துக்கொண்டு திரிபவனுக்குப் பூசணிக்காய் போகிற இடம் தெரியாது என்பார்கள். தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் மாதாந்திரச் செலவைப் பார்த்தால் அந்தப் பழமொழியையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற பொருளுக்குக் காசு தாராளமாகப் போகிறது. சோபா, டி.வி., கையில் இருக்கும் போன், கல்யாணத்துக்குக் கட்டும் புடவை எல்லாம் இந்த வகை. யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிற பொருளில்தான் சிக்கனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுப்புக்குப் பின்னால், சுவருக்கு உள்ளே, தலையணை உறைக்குள், புடவைக்குள், காலுக்குக் கீழே!

அடுப்புக்குப் பின்னால் என்றால் கேஸ் டியூப். எண்ணெய் நிறுவனங்களே விற்கிற, உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற டியூபின் விலை சுமார் இருநூறு ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மாதக் கணக்கு போட்டால் மூன்று ரூபாய், மூன்றரை ரூபாய். ஒரு டீக்கூட வராது. கண்ணாடி மேல்தட்டு வைத்த ஏழாயிரம் ரூபாய் அடுப்பு ஜம்மென்று இருக்கும், பின்னால் போய்ப் பார்த்தால் வெடிப்பு விட்ட பழைய டியூப் தொங்கும். குக்கர் கதையும் இதேதான். உள்ளூர்ச் சந்தையில் முத்திரை இல்லாத குக்கர் முந்நூறு, நானூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறார்கள். வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். சந்தைக் கடைதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அந்த முத்திரை இல்லாத குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க அனுமதித்ததற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்ச ரூபாய் அபராதம் விதித்து ஆணையிட்டது. கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் அந்தந்தக் கம்பெனியுடையதாகவே வாங்கவேண்டும். 'எல்லாத்துக்கும் சேரும் சார்' என்று பாத்திரக் கடைக்காரர் நீட்டுவது எதற்கும் சரியாகச் சேராது.

சுவருக்குள் இருப்பது ஒயர். அதைக்கூட வீடு கட்டும்போது எலெக்ட்ரீஷியன் வற்புறுத்தினால் நல்லதாகப் போட்டுவிடுகிறார்கள். சுவருக்கு வெளியே இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் பெரிய வில்லன். ஹாஸ்டலிலும் மேன்ஷனிலும் தங்கியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நூற்றைம்பது ரூபாய் பாக்ஸில் வருகிற ஒயர், செல்போன் சார்ஜர், மேஜை விளக்கு, லேப்டாப் இவற்றுக்குத் தாங்கும். அதிலேயே 1500 வாட்ஸ் கெட்டிலைச் செருகினால் 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் 8.7 ஆம்பியர். ஒயர் சூடாகும், பிளாஸ்டிக் இளகும், ஒருநாள் கருகிய வாடை வரும். 'மலிவு பாக்ஸ், ஆனால் நாலு வருஷமாக ஓடுது' என்று சொல்பவர்கள் நாலு வருஷமும் சார்ஜர் மட்டுமே போட்டிருப்பார்கள். கனமான ஒயரும் 16 ஆம்பியர் பிளக்கும் உள்ள பாக்ஸ் மூன்று மடங்கு விலை. அடுப்போ கெட்டிலோ வைத்திருப்பவருக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அறையில் வெறும் சார்ஜர்தான் என்றால் முத்திரை உள்ள சாதாரண பாக்ஸே போதும், மூன்று மடங்கு கொடுப்பது வீண்.

ஃபேன் விஷயத்தில் உயிருக்கு ஆபத்து இல்லை, வெறும் கணக்குதான். ஆனால் சுவாரசியமான கணக்கு. பழைய பாணி சீலிங் ஃபேன் சுமார் 75 வாட்ஸ் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்தது 30 வாட்ஸுக்குப் பக்கத்தில். சென்னைப் புழுக்கத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறுவதால், மிச்சமாவது பில்லின் உச்சியில் இருக்கிற விலை கூடிய யூனிட். ஐந்து ரூபாய் என்றே வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 200 ரூபாய். அதிகமாகக் கொடுத்த ஆயிரத்து இருநூறோ ஆயிரத்து ஐந்நூறோ ஒன்றரை வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வசூலிக்கும் வாடகை வீடுகளில் இன்னும் சீக்கிரமே வந்துவிடும். ஆனால் ஒரே அறை, ஒரே விளக்கு, ஒரே ஃபேன் என்று இருந்து, 2016 முதல் அரசு கொடுத்துவரும் 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் வீட்டுக்கு இந்த ஃபேனால் காலணா லாபம் இல்லை. அவர்கள் சாதாரண ஃபேனே வாங்கலாம். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டதால் பெட்டியைப் பார்த்தாலே விவரம் தெரிந்துவிடும்.

இனி கொஞ்சம் கூச்சமான விஷயம். ஐயாயிரம் ரூபாய் பட்டுப் புடவைக்குள் போட்டிருக்கிற உள்ளாடை எலாஸ்டிக் போய் ஊக்கு குத்தி நிற்பது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. அளவு சரியில்லாத உள்ளாடையைப் பத்து மணி நேரம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருபவருக்குத் தோள்பட்டைத் தழும்பும் சொறியும்தான் மிச்சம். சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் போடும் 'வரி' எடுபடவில்லை. ஒரு பாக்கெட்டை இழுத்துப் பிடித்து இரண்டு மாதம் ஓட்டுகிற பெண்கள் இருக்கும் வீட்டில், மாதா மாதம் ஓ.டி.டி. சந்தா மட்டும் தவறாமல் கட்டப்படுகிறது. சிக்கனம் என்ற பெயரில் வீட்டில் யார் தலையில் மிளகாய் அரைக்கப்படுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் சமையலறையில் நிற்பவர் தலையில்தான். முனை மழுங்கிய கத்தி, பிடி ஆடுகிற தோசைக்கல், அடிக்கடி சுத்துக்கு நிற்கிற மிக்ஸி. இவற்றை மாற்றச் சொல்லி அவர் கேட்பதும் இல்லை. கேட்காததால் அது செலவுக் கணக்கிலேயே வருவதில்லை.

காலுக்குக் கீழே போட்டிருக்கும் செருப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் ஜவுளிக்கடைப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். (2021-ல் தமிழ்நாடு அரசு கடைகளில் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தது.) நல்ல செருப்பின் அடையாளம் விளம்பரம் அல்ல, தையல். அடி தேய்ந்தால் தெருமுனையில் தைத்துக்கொடுப்பவரிடம் கொடுத்து வேறு அடி போட்டுக்கொள்ள முடிகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. பசையால் மட்டும் ஒட்டியது மழைக்காலத்தில் வாயைப் பிளந்துவிடும்.

சரி, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? லேபிளுக்கு மட்டும் காசு கொடுக்கும் இடங்களிலிருந்துதான் வரவேண்டும். அந்த இடங்கள் ஏராளம்.

முதலில் மாத்திரை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டிய வீடுகளில் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் சர்வசாதாரணமாகப் போகிறது. அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஜெனரிக் மருந்துக் கடைகளில் பல மருந்துகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் போக, 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன. அரசு ஆஸ்பத்திரி மாத்திரை என்றால் 'சுண்ணாம்புக் கட்டி' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல்: 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வாங்கும் மருந்தைத் தொகுதி தொகுதியாகப் பரிசோதனைக் கூடங்களுக்கு அனுப்பி, தேறிய பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு விநியோகிக்கிறது. வலிப்பு, தைராய்டு போன்றவற்றுக்கு எடுக்கும் மருந்தை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக்கூடாது. அவற்றில் அளவு இம்மி பிசகினாலும் வித்தியாசம் தெரியும்.

அடுத்து, பிள்ளைகளுக்கு வாங்கும் மால்ட் பவுடர் டப்பாக்கள். அதிலிருக்கும் சர்க்கரையின் அளவை டப்பாவின் பின்பக்கமே சொல்லும். 2024 ஏப்ரலில் இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் வைக்கக்கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்குச் சொல்லிவிட்டது. கம்பு, கேழ்வரகு, பொட்டுக்கடலை, கோதுமை, கொஞ்சம் ஏலக்காய் வறுத்து மில்லில் அரைத்தால் மாதத்துக்குப் போதும். கஞ்சி காய்ச்சப் பத்து நிமிஷம் ஆகும், அது உண்மைதான். அந்தப் பத்து நிமிஷத்தை மறுபடியும் அம்மா தலையிலேயே கட்டாமல் வீட்டில் வேறு யாராவது கிண்டினால் கஞ்சி இன்னும் ருசியாக இருக்கும்!

உப்பில் காசு கூடக் கொடுப்பதற்குக் காரணமே இல்லை. அயோடின் கலந்ததா என்று பார்த்தால் போதும். பாக்கிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்து உப்பை 'இமயமலை உப்பு' என்று பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அதில் பெரும்பாலும் அயோடின் சேர்க்கப்படுவதில்லை. ஆக, அதிக விலை கொடுத்துக் குறைவாக வாங்கும் அபூர்வப் பொருள் அது. நூறு சி.சி. வண்டிக்குப் 'பவர்' பெட்ரோல் போடுவதும் அந்த ரகம். சாதாரண பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த எஞ்சின் அது.

ஷாம்பூ கதை தமிழ்நாட்டுக்கே உரியது. பொருளைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்கும் யோசனைக்குச் சொந்தக்காரர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 'சிக்' ஷாம்பூவோடு தனியாகக் கிளம்பினார். பெரிய கம்பெனிகளும் பின்னாலேயே பொட்டலத்துக்கு வரவேண்டியதாயிற்று. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதுதானே எங்கும் உள்ள விதி? ஷாம்பூவில் பல பிராண்டுகளுக்கு இது தலைகீழ். மில்லி லிட்டர் கணக்கு போட்டுப் பார்த்தால் சரம் சரமாகத் தொங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ப் பொட்டலம்தான் பாட்டிலைவிட மலிவு. குப்பை சேரும் என்பது வேறு கவலை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் ஒன்றே கணக்கு என்றால் பெட்டிக்கடைதான் ஜெயிக்கிறது. குளிக்கும் சோப்பில் பார்க்கவேண்டியது உறையில் பொடியாக இருக்கும் 'டி.எஃப்.எம்.' எண்ணை. 76 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம். 'பேதிங் பார்' என்று போட்டிருந்தால் அது டாய்லெட் சோப் வகையிலேயே சேராது. நடிகை சிரிக்கும் உறையில் இந்த எண் கூடுதலாக இருக்கும் என்ற உத்தரவாதம் ஏதுமில்லை.

விலையும் குறைந்து, பொருளும் நன்றாக அமைகிற இடங்களும் உண்டு. குண்டு மிளகாயும் தனியாவும் விரலி மஞ்சளும் முழுசாக வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து மில்லில் அரைப்பது அப்படி ஒன்று. முழு மிளகாயில் செங்கல் பொடி கலக்க முடியாதே! ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய் துவரம்பருப்பை, 'அதெல்லாம் வேக நேரமாகும்' என்று வாங்காமல் விட்டுவிட்டுக் கார்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் தெருவுக்கு நாலு இருக்கின்றன. ஒரு மணி நேரம் ஊறவைத்தால் வெந்துவிடும்.

எல்லாவற்றையும் இப்படிக் கணக்குப் பார்த்தால் வாழ்க்கை சப்பென்று ஆகிவிடும் என்பதும் சரிதான். காபி குடிக்கிற வீடு காபிப் பொடியில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. காபி-சிக்கரி கலவை என்றால் 51 சதவீதம் காபி இருந்தாலே சட்டப்படி போதும். மீதி 49-ம் சிக்கரியாக இருக்கலாம்! விலை ஏன் குறைவு என்பதற்குப் பதில் பாக்கெட்டிலேயே இருக்கிறது. கண் எதிரே அரைத்துத் தருகிற கடையில் நூறு நூறு கிராமாக வாங்குவது உத்தமம். பெருங்காயமும் அப்படித்தான். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் பிசினும்தான் அதிகம். கட்டிப் பெருங்காயம் விலை கூடுதல், ஆனால் ஒரு மிளகளவு போதும்.

கடைசியாக, தலையில் கூடை சுமந்து வாசலுக்கே வரும் கீரைக்கார அம்மாவிடம் ஒரு கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி அடிக்கும் பேரம். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் வாடிக் கிடக்கிற அதே கீரையை, ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாய் பேசாமல் எடுத்துப்போகிறார்கள். விடிகாலையில் பறித்தது, வீடு தேடி வந்தது என்று பார்த்தால் ஐந்து ரூபாய் கூடுதலாகவே கொடுக்கலாம்.

இந்தக் கணக்கில் இடிக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஒன்றரை வருடத்தில் திரும்பி வரும் என்றாலும், அந்த ஆயிரத்து இருநூறு ரூபாய் இன்றைக்குக் கையில் இருக்கவேண்டுமே! தினக்கூலிக்குப் போகிறவருக்கு நல்ல செருப்பு ஒரே தடவையில் எண்ணூறு ரூபாய். நூற்றைம்பது ரூபாய்ச் செருப்பு ஒரு நாளில் வாங்கிவிடலாம், வருடத்துக்கு ஆறு தடவை வாங்கினாலும். ஆறு தடவையும் சேர்த்து அவர்தான் அதிகம் கொடுக்கிறார். 'தரமானதை வாங்குங்கள்' என்று அவரிடம் உபதேசம் செய்வதில் அர்த்தமில்லை. இதற்கு ஊரிலேயே ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. தெருவுக்குத் தெரு தீபாவளிச் சீட்டு நடக்கிறது. வாரம் ஐம்பது, நூறு என்று கட்டி, வருடக் கடைசியில் ஸ்வீட் பாக்ஸும் பட்டாசும் எவர்சில்வர் அண்டாவும் வாங்கிக்கொள்கிறார்கள். அண்டாக்கள் பரணில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. நம்பிக்கையான ஆள் சீட்டு பிடிக்கிற தெருவில், ஒரு வருடம் அண்டாவுக்குப் பதில் ஃபேன் என்றும், மறு வருடம் முத்திரை போட்ட குக்கர் என்றும் சேர்ந்து முடிவு செய்யலாம். இருபது பேருக்கு ஒரே கடையில் வாங்கினால் கடைக்காரரும் விலையைக் குறைப்பார். பேரம் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது.